ஒயினும் சீஸும் சேர்ந்த அந்த ஒரு வாய்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ரயில்பயணி:
பிரான்ஸில் ஜூரா மலைப் பக்கம், அர்புவாவில் நடந்தது. விஞ்ஞானி லூயி பாஸ்டர் வளர்ந்த ஊர், திராட்சைத் தோட்டம், மலை, அதெல்லாம் எல்லோரும் எழுதிவிட்டார்கள். நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஒரு சின்ன ஒயின் கடையில் வான் ஜோன் என்ற அந்தப் பக்கத்து மஞ்சள் ஒயினை ஊற்றிக் கொடுத்தார்கள். கிளாஸை மூக்கருகே கொண்டுபோனதும் வெந்தய வாசனை. சாயல் இல்லை, வறுத்த வெந்தயமேதான். குடித்தால் இனிப்பு துளிகூட இல்லை, நாக்கை இழுக்கிற புளிப்பு. இதற்கா இந்த விலை என்று கிளாஸைக் கீழே வைக்கப் போனேன். கடைக்கார அம்மா ஒன்றும் பேசாமல் நன்றாக முதிர்ந்த கொம்தே சீஸில் ஒரு துண்டு வெட்டி நீட்டினார். கடித்தால் பல்லில் நறநறவென்று சின்னச் சின்னப் படிகங்கள் உடைகின்றன. அது வாயில் கரையும்போதே இன்னொரு மடக்கு குடித்தேன். புளிப்பு போன இடம் தெரியவில்லை! அக்ரூட், உருக்கிய வெண்ணெய், பின்னாலேயே அந்த வெந்தயம். விழுங்கிய பிறகும் வாயை விட்டுப் போகவில்லை. திரும்பத் தனித்தனியாக எடுத்துப் பார்த்தேன். சீஸ் வெறும் சீஸ், ஒயின் பழையபடி புளிப்பு. வெந்தயமே போடாத ஒயினில் அந்த வாசனை எப்படி வந்தது? இன்றைக்கும் மண்டையைக் குடைகிறது.

நடுச்சாமம்:
நான் பாரிஸில் ஒரு ரெஸ்டோரண்ட் குசினியில் நின்ற காலம். கடைசி மேசை எழும்பின பிறகுதான் எங்களுக்குச் சாப்பாடு. ஒரு இரவு செஃப் றொக்ஃபோர் சீஸ் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டார். உள்ளுக்குள் முழுக்க நீலப் பூஞ்சணம். அம்மா கண்டிருந்தால் தட்டோடு எறிந்திருப்பா. பாண் துண்டில் கொஞ்சம் பூசி வாயில் வைத்தேன், உப்பென்றால் அப்படியொரு உப்பு. என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, போத்தலின் அடியில் கிடந்த சோத்தேர்ன் வைனை ஊற்றித் தந்தார். தங்க நிறம், சீனிப்பாணி மாதிரிக் கிளாஸில் ஒட்டி வடிகிறது. தனியாகக் குடித்திருந்தால் திகட்டியிருக்கும். அந்த உப்புக்கு மேலே அது இறங்கினபோது இரண்டும் ஒன்றையொன்று அடக்கிவிட்டன, எனக்குக் கை தானாகவே அடுத்த துண்டுக்குப் போனது. பிறகுதான் செஃப் சொன்னார், அந்த வைனுக்கும் பூஞ்சணம் பிடித்த திராட்சைதானாம். பூஞ்சணம் தோலில் இறங்க, தண்ணீர் வற்றி, பழத்தில் சீனி மட்டும் திரளுமாம். அப்போ நான் சாப்பிட்டதும் பூஞ்சணம், குடித்ததும் பூஞ்சணம்.

இலைச்சாப்பாடு:
எல்லோரும் ரசிக்கிறீர்கள், சரி. நீங்கள் இரண்டு பேரும் சொன்ன சீஸ் எதில் உறைகிறது என்று தெரியுமா? பால்குடி மறக்காத குட்டிகளின் இரைப்பையில் எடுக்கும் ரென்னெட் என்ற உறைபொருளில். பால்தானே என்று நம்பி நம் ஊர்ச் சைவர்கள் எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள்! ஒயினும் அப்படித்தான், தெளிய வைக்க முட்டை வெள்ளைக்கருவோ மீனின் காற்றுப்பையோ சேர்ப்பவர்கள் உண்டு. கேட்டு வாங்குங்கள். என் கதை சின்னது. லிஸ்பனில் செர்ரா தா எஸ்த்ரேலா என்ற செம்மறிப் பால் சீஸ். அதை உறைய வைப்பது ஒரு முட்செடியின் காய்ந்த பூ, விலங்குச் சரக்கே கிடையாது. மேல்தோலை மூடி திறப்பதுபோல் வட்டமாக வெட்டி எடுத்துவிட்டு, உள்ளே குழைந்து கிடப்பதைக் கரண்டியால் அள்ளித் தந்தார்கள். பூவின் லேசான கசப்பு அடிநாக்கில் நிற்கிறது. அதன்மேல் டாவ்னி போர்ட் என்ற இனிப்பு ஒயின். கண்ணை மூடிவிட்டேன், அவ்வளவுதான்.

ரயில்பயணி:
ஐயா, சைவமா அசைவமா என்று நான் கேட்கவில்லை. வெந்தயம் எங்கிருந்து வந்தது என்றுதான் கேட்டேன்.

ஆய்வகப்பூனை:
உங்கள் மூக்கு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. சோட்டோலோன் என்று ஒரு சேர்மம். வெந்தயத்துக்கு அந்த மணத்தைத் தருவதே அதுதான், வான் ஜோனிலும் அதுவே உருவாகிறது. மற்ற ஒயின் என்றால் பீப்பாயில் குறையக் குறைய ஊற்றி நிரப்புவார்கள். இதில் சாவன்யேன் திராட்சை ஒயினைப் பீப்பாயில் விட்டு அப்படியே விட்டுவிடுவார்கள். மேலே ஈஸ்ட் ஏடு கட்டும். அறுவடைக்குப் பிறகு வரும் ஆறாவது வருஷத்தின் டிசம்பர் வரை காத்திருக்க வேண்டும். ஒரு லிட்டர் ஊற்றினால் 62 சென்டிலிட்டர்தான் மிஞ்சும் என்பது கணக்கு, பாட்டிலும் அதே அளவுதான். நானும் அந்தப் பக்கம் போயிருக்கிறேன். சீஸ் முதிர வைக்கும் கிடங்காகிவிட்ட சான் அந்துவான் கோட்டையில் கொம்தே சக்கரங்கள் கூரை வரை அடுக்கியிருக்கும், ஒவ்வொன்றும் 40 கிலோ வாக்கில். ஒருவர் சீஸ் உருவும் குழலின் கைப்பிடியால் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே போனார். ஒன்றில் மட்டும் நின்றார், திரும்பவும் தட்டினார், குழல் போட்டு ஒரு விரல் நீளம் உருவி, மோந்து பார்த்து, நுனியைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு மிச்சத்தை ஓட்டையிலேயே செருகிவிட்டார். அவருக்கு அதில் என்ன கேட்டது என்று கேட்க பிரெஞ்சு வரவில்லை.

வெயில்காலம்:
புதுச்சேரி. ஆரோவில் சீஸும் ஒரு பாட்டில் சிவப்பு ஒயினும் வாங்கி மொட்டைமாடியில் நண்பர்களோடு உட்கார்ந்தோம். சீஸ் வியர்த்துவிட்டது, ஒயின் சூடாகிவிட்டது. அதிலிருந்து சிலது கற்றுக்கொண்டேன், சொல்கிறேன். ‘ரூம் டெம்பரேச்சர்’ என்று எழுதியிருப்பது அந்தக் காலத்து ஐரோப்பிய வீட்டு அறை, 16 முதல் 18 டிகிரி. நம் ஊரில் சிவப்பு ஒயினையும் அரைமணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்துத்தான் எடுக்க வேண்டும். சீஸை அங்கே ஒரு மணி நேரம் முன்பே வெளியே எடுப்பார்கள், இங்கே இருபது நிமிஷம் போதும். அப்புறம், சீஸ் என்றாலே சிவப்பு ஒயின் என்பதை முதலில் விட்டுத்தொலையுங்கள். கமம்பேர் மாதிரிக் கொழகொழ சீஸோடு துவர்ப்பான சிவப்பைக் குடித்தால் வாயில் தகர ருசி வரும். வெள்ளைதான் பெரும்பாலும் சரி. வெள்ளாட்டுச் சீஸுக்கு சோவிஞோன் பிளாங்க் என்ற வெள்ளை ஒயின்: பிரான்ஸில் ஷவிஞோல் கிராமத்துச் சீஸ் வெள்ளாட்டுப் பாலில்தான், சுற்றியுள்ள சான்சேர் வெள்ளை ஒயின் சோவிஞோன் பிளாங்க்தான், ஒரே மண். மூக்கைத் துளைக்கும் அல்சாஸ் பகுதி மன்ஸ்டெர் சீஸுக்கு அதே அல்சாஸின் கெவுர்ஸ்ட்ராமினர் வெள்ளை ஒயின். சோத்தேர்ன் வாங்க முடியாதா, நாசிக்கிலிருந்து வரும் லேட் ஹார்வெஸ்ட் செனின் பிளாங்க் என்ற இனிப்பு ஒயின் இருக்கிறது, நீலச் சீஸுக்குப் பழுதில்லை. முக்கோணத் துண்டு மேசைக்கு வந்தால் முனையை மட்டும் வெட்டிக்கொள்ளாதீர்கள், அந்த முனைதான் சீஸ் சக்கரத்தின் நடு, ருசி அங்கேதான், அதைத் தனியாக எடுப்பது அங்கே மரியாதைக் குறைவு. காரமான மிக்சரைப் பக்கத்திலேயே வைக்காதீர்கள். ஊறுகாய் வேண்டவே வேண்டாம்.

நடுச்சாமம்:
வெயில்காலம் அண்ணை, உங்கட மொட்டைமாடிக் கதை நாலு வரியில் முடிஞ்சுது, புத்திமதிதான் முடியவில்லை. சிவப்பைத் தொலைக்கச் சொல்லாதேங்கோ. சான் நெக்தேர் சீஸோடு லேசான போஜோலே சிவப்பு வைன் குடித்துப் பாருங்கோ, தகரமும் இல்லை ஒன்றும் இல்லை. அந்த செஃப் ஞாயிற்றுக்கிழமையில் குடிச்சது அதைத்தான். மிக்சர் விஷயத்தில் மட்டும் நீங்கள் சொல்வது சரி.