தேரிக்காடு, கடற்கரை, பாலைவனம்: நாயோடு நடந்தபோது எதிரே வந்தவை

எங்கள் வீட்டில் இருப்பது சிப்பிப்பாறை இனப் பெட்டை நாய். ஓடுவதற்கென்றே வாய்த்த உடம்பு. தெருவில் கயிறு பிடித்து நடத்தினால் அதற்கும் போதவில்லை, எனக்கும் கை வலி. அதனால் மார்கழி, தை மாதங்களில் விடியுமுன் தேரிப் பக்கம் கிளம்பிவிடுவோம். பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: திருச்செந்தூர், உடன்குடி, சாத்தான்குளம் வட்டாரத்தில் கிடக்கும் செம்மணல் மேடுகள்தான் தேரி. கடல் சில கிலோமீட்டரில் இருக்கிறது, ஆனால் மேட்டு நடுவில் நின்றால் அப்படி ஒன்று இருப்பதாகவே தோன்றாது. பனை, உடைமரம், கொல்லாமரம், மிச்சமெல்லாம் மணல். ஆடிக்காற்றில் நேற்று நடந்த தடம் இன்று இருக்காது. குதிரைமொழித் தேரியின் உள்பகுதி காப்புக்காடு என்பதால் நாயோடு அங்கே போவதில்லை. ஊரை ஒட்டிய பனங்காட்டு வண்டிப்பாதையே எங்களுக்குப் போதும்.

பாம்பு வராதா என்பதுதான் எல்லோருடைய முதல் கேள்வி. வரும். ஒரு காலை வெட்டிப்போட்ட ஓலைக் குவியலை நெருங்கும்போது நாய் விறைத்து நின்றது. கரகரவென்று உப்புத்தாளைத் தேய்ப்பதுபோல ஒரு சத்தம். சுருட்டை விரியன், செதில்களை ஒன்றோடொன்று உரசிக்கொண்டு சுருண்டு கிடந்தது. மணல் நிறத்திலேயே இருந்ததால் சத்தம் இல்லாமல் நான் கண்டிருக்கவே மாட்டேன். பக்கத்துப் பனையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவர், “தம்பி, கயித்த இழுத்து ஆட்டாத. அப்படியே பின்னால வா. அது சோலியப் பாத்துக்கிட்டு அது போயிரும்” என்றார். போகவில்லை, நாங்கள்தான் சுற்றிப் போனோம். ஒன்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் மனிதர்களுக்குப் போடும் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் பொதுவானது. அதையேதான் நாய்க்கும் போடுகிறார்கள். எந்தக் கால்நடை மருத்துவரிடம் இருப்பில் உண்டு என்பதைக் கிளம்புவதற்கு முன்பே விசாரித்து வைப்பது நல்லது. கடித்த பிறகு போன் போட்டுத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

ஆனால் நடைமுறையில் என்னை அதிகம் தொல்லை செய்தது பாம்பு இல்லை, நெருஞ்சி. மழை விட்டுச் சில வாரம் கழித்து மஞ்சள் பூவோடு தரையில் படர்ந்து கிடக்கும், பார்க்க அழகாக இருக்கும். காய் முற்றிக் காய்ந்ததும் விரல் இடுக்கில் ஏறிவிடும். நாய் நொண்டாது, நின்று நின்று பாதத்தை நக்கும், அதுதான் அடையாளம். சீமைக்கருவேல முள் இன்னும் மோசம், பாதத்துக்குள் முனை ஒடிந்து தங்கிவிடும். சட்டைப் பையில் ஒரு முள்வாங்கி எப்போதும் கிடக்கிறது.

முயல் கதை தனி. எங்கள் பெட்டை முயலைப் பார்த்துவிட்டால் நான் யார் என்பதே அதற்கு மறந்துபோகும். ஊரில் சிலர் இதைப் பெருமையாகக்கூடப் பேசுகிறார்கள், “அவுத்து விடு, வேட்டநாய்தான” என்பார்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முயலைப் பிடிப்பது குற்றம், நாயை விட்டுப் பிடித்தாலும் குற்றம்தான். கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டே நடக்கிறேன். இரண்டு முறை மணலில் குப்புற விழுந்ததும் உண்டு, பரவாயில்லை.

வெயிலைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. நாய்க்குப் பாதத்தில் மட்டும்தான் கொஞ்சம் வியர்க்கும். மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். கடலோரக் காற்றில் ஈரம் அதிகம், ஈரக்காற்றில் அந்த வித்தை சரியாக வேலை செய்யாது. நாயின் இயல்பான உடல் சூடு 38, 39 டிகிரி செல்சியஸ். 41ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. எச்சில் கெட்டியாவது, ஈறு கருஞ்சிவப்பாவது, பின்கால் தள்ளாடுவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் நிழலுக்குக் கொண்டுபோய் வயிறு, தொடை இடுக்கெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிவிட வேண்டும், பிறகு நேராக மருத்துவர்தான். சிப்பிப்பாறை தானாக “போதும்” என்று நிற்கிற இனம் இல்லை. அதனால் ஒன்பது மணிக்குள் வீடு திரும்பிவிடுவோம். சரி, உங்களுக்கு எதிரே வந்தது என்ன?

மணப்பாட்டிலிருந்து:

அண்ணே, தேரியை விட்டு எங்கள் கரைக்கு வாருங்கள், பாம்புக்குப் பதில் பேத்தை காத்திருக்கிறது. வலையில் வேண்டாமல் ஏறுகிற பேத்தை மீனைக் கரையிலேயே வீசிவிட்டுப் போவார்கள். அதன் ஈரலிலும் சினையிலும் இருக்கும் விஷம் காய்ந்தாலும் போகாது, வேகவைத்தாலும் போகாது. எங்கள் நாட்டு நாய்க்குட்டி பலூன்மாதிரி உப்பிக் காய்ந்த ஒன்றைக் கவ்விக்கொண்டு ஓடியது. கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த அக்கா ஒருவர் துடைப்பத்தோடு துரத்தி, வாயைப் பிளந்து எடுத்துப்போட்டார். முழுங்கியிருந்தால் கைகால் செயலிழந்து மூச்சு நின்றுவிடும், அதற்கு முறிவு மருந்தே கிடையாது. அதற்குப் பிறகு கரையில் நடக்கும்போது வாய்க்கூடு போட்டுவிடுகிறோம்.

அப்புறம் தெருநாய்கள். கரையேற்றிய ஒவ்வொரு படகு நிழலும் ஒரு கூட்டத்தின் எல்லை. குனிந்து கல் எடுப்பதுபோல நடித்தால் பாதி விலகும், மீதி நம் நாயின் துணிச்சலைப் பொறுத்தது. எங்களுடையது என் காலுக்கு இடையில் வந்து நின்றுகொள்ளும். கடல் தண்ணீரையும் குடிக்கவிடாதீர்கள், வயிறு பிய்த்துக்கொள்ளும்.

ஷார்ஜாவிலிருந்து:

இங்கே ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் பன்னிரண்டரை முதல் மூன்று மணிவரை மனிதர்களையே திறந்தவெளியில் வேலை வாங்கக்கூடாது என்று சட்டம். நாயை எப்படி வெளியே கூட்டிப்போவது? எங்கள் பாலைவன நடையெல்லாம் நவம்பர் முதல் மார்ச் வரைதான். அப்போதும் நான் பயப்படுவது தேளுக்கோ பாம்புக்கோ இல்லை. வார இறுதியில் கிரில் போடுகிறவர்கள் எரியும் கரியை மணலைப் போட்டு மூடிவிட்டுப் போகிறார்களே, அதற்குத்தான். மேலே பார்த்தால் சாதாரண மணல், உள்ளே மறுநாள் காலைவரைகூட நெருப்பு கனிந்துகொண்டிருக்கும். எங்கள் லாப்ரடார் அப்படி ஒரு குழியில் முன்காலை வைத்துவிட்டது. தண்ணீரில் காலை நனைத்து, ஈரத்துணி சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தோம். முப்பது கிலோவை மணல்மேட்டில் தூக்கிக்கொண்டு நடந்து பாருங்கள். பாதத் தோல் முழுதாக உரிந்து புதிதாக வர வாரங்கள் ஆயின. இப்போது ஆட்கள் கூடுகிற இடங்களைத் தாண்டித்தான் கயிற்றை நீட்டி விடுகிறேன்.

ஒட்டகங்கள் சும்மா திரிகிற மாதிரித் தெரியும், ஆனால் எல்லாமே யாரோ ஒருவருடையவை. குட்டியோடு இருக்கும் தாய் நாயைக் கண்டால் தலையைத் தாழ்த்திக்கொண்டு நேரே வரும். அந்தப் பக்கம் போகாதீர்கள், அவ்வளவுதான். கடலோர உப்புச் சதுப்பையும் நம்பாதீர்கள். மேலே வெள்ளையாக ஓடு கட்டியிருக்கும், கீழே சேறு. நாய் தாண்டிவிடும், பின்னால் போகிற நீங்கள் முழங்கால்வரை இறங்குவீர்கள்.

சான் டியேகோவிலிருந்து:

எங்களுக்கு ஒரே நாளில் கடலும் பாலைவனமும் கிடைக்கும். காலையில் டெல் மார் கடற்கரையில் ஓடவிட்டு, இரண்டு மணி நேரம் கார் ஓட்டினால் அன்சா பொரேகோ என்ற பாலைவனப் பூங்கா. ஆனால் அங்கே நடைபாதைகளில் நாய்க்கு அனுமதி இல்லை. மண் சாலைகள், முகாமிடங்கள் மட்டும்தான், அதுவும் ஆறடிக் கயிற்றோடு. முதலில் எரிச்சலாக இருந்தது. சோய்யா கள்ளியைச் சந்தித்த பிறகு அந்த விதியின் மேல் மரியாதையே வந்துவிட்டது. லேசாக உரசினால் போதும், ஒரு கணு முழுதாகக் கழன்று ரோமத்தில் ஒட்டிக்கொள்ளும். முள் நுனியில் பின்னோக்கிய கொக்கிகள். நாய் அதை வாயால் பிடுங்கப் பார்க்கும், உடனே நாக்கிலும் ஏறிவிடும். கையால் தொடாதீர்கள், உங்கள் விரலுக்கு மாறும். அகலப் பல் சீப்பை முள்ளுக்கும் தோலுக்கும் நடுவில் நுழைத்து ஒரே சுண்டாகச் சுண்ட வேண்டும். மிச்ச முட்களைக் குறட்டால் எடுக்கலாம். என் பையில் எனக்குச் சீப்பு இருக்காது, நாய்க்கு இருக்கும்.

கிலுகிலுப்பை விரியன் பற்றிப் பயமுறுத்துவார்கள். எங்களுக்குக் குலுங்கும் சத்தம்தான் கேட்டது, பத்தடி பின்வாங்கினோம், முடிந்தது. கோடையில் காய்ந்த ஃபாக்ஸ்டெயில் புல்லுக்குத்தான் இதுவரை அதிகம் செலவழித்திருக்கிறேன். அதன் கதிர் மூக்குக்குள் போனால் முன்னால்தான் நகரும், தானாக வெளியே வராது. மயக்கம் கொடுத்துத்தான் எடுத்தார்கள். நடந்து முடித்ததும் காது, மூக்கு, விரல் இடுக்கு, அக்குள் எல்லாம் தடவிப் பார்ப்பது இப்போது பழக்கமாகிவிட்டது.

இராமநாதபுரத்திலிருந்து:

எங்களுடையது ராஜபாளையம், பால் வெள்ளை, மூக்கு ரோஜா நிறம். தனுஷ்கோடிக்கு அழைத்துப்போனோம். 1964 புயலில் அழிந்த ஊரின் இடிந்த சுவர்களைத் தவிர ஒதுங்க நிழல் இல்லை, இரு பக்கமும் கடல், கீழே வெள்ளை மணல். இரண்டு நாள் கழித்து மூக்கும் காது நுனியும் தோல் உரிந்து வந்தன. வெள்ளை நாய்க்கு வெயில் சுடும் என்று டாக்டர் சொன்னபோதுதான் நம்பினேன். மனிதர்கள் பூசுகிற சன்ஸ்கிரீனைப் பூசலாமா என்று கேட்டதற்கு, ஜிங்க் ஆக்சைடு இருந்தால் கூடாது, நக்கித் தின்றுவிட்டால் நஞ்சு என்றார். நாய்களுக்கென்றே வருகிற களிம்பு ஒன்றை எழுதிக் கொடுத்தார். பூசின ஐந்து நிமிடத்தில் அதையும் மணலில் தேய்த்துவிட்டு வந்து நிற்கிறது. ராஜபாளையம் வைத்திருக்கிறவர்கள் யாராவது இதற்கு வழி கண்டிருந்தால் சொல்லுங்கள், பங்குனி வெயில் வருவதற்குள் தெரிய வேண்டும்.