மறு: ட்ரோலிங் மோட்டாருக்குத் தமிழ்ச்சொல் – ‘இழுவை’ வேண்டாமே

வணக்கம்.

> தூண்டிலை இழுத்துக்கொண்டு போவதுதானே ட்ரோலிங்? ‘இழுவை மோட்டார்’ என்றே வைத்துவிடலாம்.

சிறு படகை மெதுவாக ஓட்டுவதற்குப் பூட்டுகிற, பற்றரியில் இயங்கும் சின்ன மின்மோட்டார்தான் ட்ரோலிங் மோட்டார். அதன் தமிழ்ப்பெயருக்குச் சென்னை நண்பர் சொன்ன இந்த யோசனைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு மறுப்பு. சொல்லில் இலக்கணக் குறை இல்லை. ஆனால் எங்கள் மீனவர் ஊர்களான குருநகரிலோ பாசையூரிலோ போய் ‘வள்ளத்துக்கு இழுவை மோட்டார் பூட்டப் போகிறேன்’ என்று சொல்லிப் பாருங்கள். இங்கே இழுவை என்றால் இழுவைமடி, கடலடியை வாரிக்கொண்டு போகிற பை போன்ற வலை. அதை இழுக்கும் படகுகளால் அறுந்த வலைகளைப் பற்றி எந்தக் கரையிலும் கதை கதையாகச் சொல்வார்கள். 2017 இல் இலங்கைச் சட்டமே அந்த முறையைத் தடை செய்தது. சரி, ஆங்கிலச் சொல்லையே வைத்துக்கொள்ளலாமா என்றால் அதிலும் சிக்கல். இழுவைமடிப் படகுகளுக்கு (trawler) இங்கே ‘ரோலர்’ என்றுதான் பெயர். அது வேறு, ட்ரோலிங் வேறு என்று கடற்கரையில் நின்று உச்சரிப்பு வகுப்பு நடத்த முடியாது.

தவிர, இந்த மோட்டாரின் வேலை தூண்டில் இழுப்பதோடு நிற்பதில்லை. மீன் கலையாதபடி சத்தமில்லாமல் நகர்வது, காற்றடிக்கும்போது வள்ளத்தை ஓரிடத்தில் பிடித்து வைப்பது, வலை கிடக்கும் இடத்தில் அங்குலம் அங்குலமாக முன்னேறுவது, எல்லாம் அதன் வேலைதான். நங்கூரம் போடாமலே செயற்கைக்கோள் வழிகாட்டலை வைத்து நிலைநிற்கும் மோட்டார்களும் வந்துவிட்டன. ஆகவே பெயர் மெதுவான ஓட்டத்தைச் சொன்னால் போதும். ‘மெல்லோட்ட மோட்டார்’ என்பது என் முன்மொழிவு.

‘மெல்லோட்டி’ என்று சுருக்கலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். படகோட்டி, வண்டியோட்டி போல அது ஆளைக் குறிக்கும். மெதுவாக வண்டி ஓட்டுபவருக்குப் பட்டப்பெயராகத்தான் போய் ஒட்டும். ‘மெல்லுந்தி’ என்றால் இன்னும் மோசம். உந்திக்குக் கொப்பூழ் என்ற பொருளும் உண்டே, யாராவது தலைவியை வர்ணிப்பதாக நினைத்துவிடுவார்கள். மோட்டார் என்ற சொல் எங்கள் பாடநூல்களிலேயே இருப்பதால் அதை மாற்ற எனக்கு விருப்பமில்லை.

> அளவை எப்படிக் குறிப்பது? எத்தனை குதிரைவலு என்று போடலாமா?

பெயரைவிட இதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரே நாளில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியது. மண்ணெண்ணெயில் எஞ்சின் ஓட்டுகிற ஆட்களுக்கு மின்மோட்டாரைப் பற்றி யோசனை வராமல் இருக்குமா? முதல் கேள்வி ‘எத்தனை குதிரை?’ என்பதாகத்தான் இருக்கும். 12 வோல்ற்றில் 50 அம்பியர் இழுக்கும் மோட்டார் எடுப்பது 600 வாற்று, அதாவது ஒரு குதிரைவலுவுக்கும் குறைவு. 15 குதிரை எஞ்சின் வைத்திருப்பவர் சிரித்துவிட்டுப் போய்விடுவார். இந்த மோட்டாரை விற்பவர்கள் அளப்பது வலுவை அல்ல, தண்ணீரைப் பின்னுக்குத் தள்ளி வள்ளத்தை முன்னுக்குத் தள்ளும் விசையை. அதற்குப் புதுச்சொல் தேட வேண்டாம். எங்கள் பௌதிகப் புத்தகத்தில் மிதப்பைப் பற்றிய பாடத்தில் ‘மேலுதைப்பு’ இருக்கிறது. அதிலிருக்கும் ‘உதைப்பு’ போதும். அலகு இறாத்தல் (பவுண்டு), பாண் வாங்குகிற அதே இறாத்தல்தான். 55 இறாத்தல் உதைப்பு என்றால் ஏறக்குறைய 25 கிலோ எடைக்குச் சமமான தள்ளு, 245 நியூட்டன்.

எவ்வளவு உதைப்பு வேண்டும் என்பதற்குப் பொதுவாகச் சொல்லும் கணக்கு: மொத்த எடையில் 100 இறாத்தலுக்கு 2 இறாத்தல். மொத்தம் என்றால் வெறும் வள்ளம் அல்ல. ஆட்கள், நனைந்த வலை, ஐஸ் பெட்டி, பற்றரி எல்லாம் சேர்த்து. 100 அம்பியர்மணி ஈயப் பற்றரி மட்டுமே 30 கிலோ அளவில் வரும். எல்லாம் சேர்ந்து 500 கிலோ என்றால் 1,100 இறாத்தல். 22 இறாத்தல் உதைப்பு கிடைத்தால் நகரும். ஆனால் அது அசையாத குளத்துக்கான ஆகக்குறைந்த கணக்கு. சோழகம் (தென்மேல் காற்று) அடிக்கும் மாதங்களில் மண்டைதீவுப் பக்கம் போய்வர வேண்டுமென்றால் நான் இரண்டு மடங்குக்குக் குறையாமல் எடுப்பேன். அதற்கும் 12 வோல்ற் போதும், 55 இறாத்தல் வரை ஒரே பற்றரிதான். அதற்குமேல் போனால் 24 வோல்ற், பிறகு 36.

கூடிய உதைப்பு என்றால் கூடிய வேகம் என்று நினைக்கக்கூடாது. வேகம் புரொப்பெல்லரின் சாய்வையும் சுழற்சியையும் பொறுத்தது. பெரிய மோட்டார் பூட்டினாலும் நடையோ சற்று வேகமான நடையோதான். ‘மெல்லோட்டம்’ என்று நான் பிடிவாதமாக நிற்பதற்கு அதுவும் காரணம். மேலே சொன்ன ஈயப் பற்றரியின் மின்னைப் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் குறைந்துவிடும், அந்தப் பாதியோடு நிறுத்தினால் முழு வேகத்தில் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம்தான் ஓடும். பாதி வேகத்துக்கும் குறைவாக ஓட்டினால் பல மடங்கு நேரம் கிடைக்கும்.

களப்புக்கு (கடலோர உப்புநீர் ஏரிக்கு) வாங்குபவர்கள் உப்புத்தண்ணீருக்கென்றே செய்த மோட்டாராகப் பார்க்க வேண்டும். சாதாழை போன்ற கடற்செடிகள் சுற்றாத புரொப்பெல்லரும் வேண்டும். இடுப்பளவுத் தண்ணீரில், மோட்டாரைத் தண்ணீருக்குள் தாங்கும் தண்டு நீளமாக இருந்தால் சேற்றைக் கிண்டும், குட்டையாக இருந்தால் அலையில் புரொப்பெல்லர் வெளியே வந்து காற்றைச் சுழற்றும். புரொப்பெல்லர் நீர்மட்டத்துக்கு ஓரடி கீழே நிற்பது நல்லது.

அந்தத் ‘தண்டு’தான் எனக்கு இன்னும் இடிக்கிறது. தண்டு வலித்தல் என்றால் துடுப்புப் போடுதல். ‘தண்டு நீளம்’ என்று விவரத்தாளில் எழுதினால் துடுப்பின் நீளமோ என்று கேட்பார்கள். வேறு சொல் யாரிடமாவது இருக்கிறதா?