மூதூர்ப் பக்கத்தால வந்த பிள்ளைக்கு உதவி வேணும்

வணக்கம் உறவுகளே. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக முகாமைத்துவ பீடத்துக்கு, திருகோணமலை மாவட்டத்தில மூதூர்ப் பக்கத்து வேடர் கிராமம் ஒண்டில இருந்து ஒரு தங்கச்சி வந்திருக்கிறா. அவவின்ர குடும்பத்தில கம்பஸ் வாசல் மிதிக்கிற முதல் ஆள். மூதூர், வாகரைப் பக்கம் இருக்கிற கரையோர வேடர்கள் தமிழ்தான் கதைக்கினம். அதனாலயே எங்கட ஆக்களில கனபேருக்கு அவை ஆதிக்குடிகள் எண்டே தெரியாது.

கம்பஸ் அனுமதியில மாவட்ட அடிப்படையில 55 வீதம், பின்தங்கிய மாவட்டங்களுக்கு 5 வீதம் எண்டு இடம் ஒதுக்கீனம். ஆனா திருகோணமலை நகரப் பிள்ளையும் ஒதுங்கின கிராமத்துப் பிள்ளையும் அதில ஒரே வரிசைதான். அதையும் தாண்டி வந்திட்டா. போன கிழமை அவவின்ர கொப்பியைப் பார்த்தன். ஆங்கில விரிவுரையைக் காதில விழுந்தபடி தமிழ் எழுத்தில எழுதி வச்சிருக்கிறா: 'டிப்ரிசியேசன்' (தேய்மானம்), பக்கத்தில ஒரு கேள்விக்குறி. பக்கம் பக்கமா அப்பிடித்தான். கெட்டிக்காரப் பிள்ளை, இடையில விட்டிட்டுப் போக விட ஏலாது.

முதல்ல வேண்டியது, கணக்கீட்டை ஆங்கிலத்தில படிச்ச ஒராள். கிழமையில ரெண்டு பின்னேரம் இருந்து சொல்லிக்குடுத்தாக் காணும். திருநெல்வேலி, கொக்குவில் பக்கம் எண்டா நல்லம். வேலை செய்யிற பழைய லப்டொப், லேடீஸ் சைக்கிள் இருந்தாலும் சொல்லுங்கோ. மகாபொல புலமைப்பரிசில் காசு கைக்கு வரும்வரைக்கும் அறை வாடகையும் இடிக்குது. காசை என்னட்டத் தரவேண்டாம், வீட்டுக்கார அம்மாவிட்ட நேர குடுக்கலாம்.

பிள்ளையின்ர படம் கேக்காதேங்கோ, போடமாட்டன். இன்பொக்ஸில எழுதுங்கோ, ஞாயிற்றுக்கிழமை அவவோட கதைச்சு நேரம் சொல்லுறன்.