புதுப்பிப்பு: பழக்கங்களை கேம் மாதிரி 'லெவல் அப்' செய்தது சரிவந்ததா?

காலை நடையும் சிங்களப் படிப்பும் ஒரு கிழமைக்கு மேல் நிற்குதில்லை, கேம் மாதிரி புள்ளி போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி.

தினசரி வேலையை முடித்தால் புள்ளியும் கேம் தங்கமும் தரும், தவறவிட்டால் நம் கதாபாத்திரத்தின் உயிரைக் குறைக்கும் ஹபிட்டிக்காவைத்தான் எடுத்தேன். 2013இல் ஹபிட்ஆர்பிஜி என்ற பெயரில் வந்த அதே செயலி. தனியே விளையாடினபோது என் கதாபாத்திரத்தின் உயிர் குறைந்தாலும் எனக்கு உறைக்கவில்லை. 'பார்ட்டி சேர்ந்து பொஸ்ஸோடு மோதுங்கோ' என்றாரே ஒருத்தர் (தெரிந்தவர்கள் குழுவாகச் சேர்ந்து கேமில் ஒரு பெரிய எதிரியோடு மோதுவது), அதுதான் மருந்து. நான் தினசரி வேலையைத் தவறவிட்டால் அடி பார்ட்டியில் எல்லாருக்கும் விழும். வெள்ளவத்தை மச்சாள் விடியவே 'டேய், என்ர உயிரை எடுக்காதை, எழும்பு' என்று வொய்ஸ் போட்டுவிடுவா. தூறலிலும் மரைன் டிரைவில் நடந்தாச்சு.

வேலையைச் சின்னதாக்கச் சொன்னதும் உதவியது. 'அரை மணி சிங்களம்' என்றிருந்ததை 'பஸ் கண்டக்டரோடு ஒரு வசனம்' என்று மாற்றினேன். கேமில் சேர்த்த தங்கத்துக்குப் பரிசு வைக்கும் யோசனை மட்டும் எடுபடவில்லை. தங்கம் இல்லாவிட்டாலும் காலி வீதியில் பலூடா கிடைக்கும்தானே!

எதிர்பாராத விஷயம் நிறம். தவறவிடத் தவறவிட வேலை சிவப்பாகும், அதை முடித்தால் தங்கமும் அனுபவப் புள்ளியும் கூட. ஒழுங்காகச் செய்தால் நீலமாகி வரவு குறையும். ஆகவே லெவல் மெல்ல ஏறினால் பழக்கம் பிடிபடுகிறது என்றும் இருக்கலாம்.

ஊருக்குப் போகிறவர்கள் செயலியின் அமைப்புகளில் (settings) சேதத்தை, அதாவது வேலை தவறினால் விழும் அடியை, இடைநிறுத்திவிட்டுப் பஸ் ஏறுங்கோ. இல்லாட்டி மச்சாள்மார் சும்மா விடமாட்டினம்.