உள் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றியதும் எக்ஸ்டர்னல் எஸ்எஸ்டியில் மின்ட் பூட் ஆகவில்லை

பழைய லேப்டாப்:
வணக்கம். ஏழு வருட லேப்டாப். உள்ளே விண்டோஸ் இருந்தது. ஆறு மாதத்துக்கு முன்பு 256 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றை யூஎஸ்பி கேஸில் போட்டு, அதில் லினக்ஸ் மின்ட் நிறுவினேன். இத்தனை நாள் அருமையாக ஓடியது. போன வாரம் உள் டிஸ்க் 'டக் டக்' என்று அடிக்க ஆரம்பித்ததால் கழற்றி வைத்துவிட்டேன். அன்றிலிருந்து பூட் டிவைஸ் இல்லை என்று கறுப்புத் திரையில் ஒரு வரி வந்து நிற்கிறது. மின்ட் இருப்பது எஸ்எஸ்டியில், கழற்றியது வேறு டிஸ்க். இது எப்படி?

வயர்மேன்:
வேறு போர்ட்டில் செருகிப் பார்த்தீர்களா? கேபிளையும் மாற்றிப் பாருங்கள், பாதிப் பிரச்சினை கேபிளில்தான். பயாஸில் (லேப்டாப்பின் அடிப்படை செட்டிங் திரை) செக்யூர் பூட்டை (அனுமதியில்லாத சிஸ்டம் ஏறாமல் தடுக்கும் வசதி) ஆஃப் செய்துவிட்டு, ஆன் செய்யும்போதே எஃப்12 தட்டி (எச்பி என்றால் எஃப்9) பூட் மெனுவில் எஸ்எஸ்டி பெயர் வருகிறதா என்று சொல்லுங்கள்.

பழைய லேப்டாப்:
எல்லாம் செய்தேன் அண்ணே. மெனுவில் எஸ்எஸ்டி பெயரே இல்லை. ஆனால் மின்ட் நிறுவப் பயன்படுத்திய பென் டிரைவ் அதே போர்ட்டில் உடனே வருகிறது. பென் டிரைவில் லைவாக (நிறுவாமல் அதிலிருந்தே மின்ட்டை ஓட்டி) ஏறிப் பார்த்தால் எஸ்எஸ்டியும் தெரிகிறது, ஃபைல்களும் பத்திரமாக இருக்கின்றன.

கிரப் கிறுக்கன்:
அப்படியானால் கேபிள் மேல் தப்பில்லை. இரண்டு கேள்வி. மின்ட் நிறுவியபோது உள் டிஸ்க் லேப்டாப்பிலேயே இருந்ததா? ஜிபார்ட்டடில் (டிஸ்க்கைப் பிரிக்கும் கருவி) எஸ்எஸ்டியைத் திறந்தால் எத்தனை பார்ட்டிஷன்?

பழைய லேப்டாப்:
இருந்தது. பார்ட்டிஷன் ஒன்றே ஒன்றுதான், 238 ஜிபி, இஎக்ஸ்டி4 (லினக்ஸின் ஃபைல் அமைப்பு). பூட்லோடர் (சிஸ்டத்தைக் கிளப்பிவிடும் சிறு புரோகிராம்) எங்கே போக வேண்டும் என்று கேட்டபோது எஸ்எஸ்டியைத்தான் தேர்ந்தெடுத்தேன், நன்றாக நினைவிருக்கிறது.

கிரப் கிறுக்கன்:
நீங்கள் சரியாகத்தான் தேர்ந்தெடுத்தீர்கள், இன்ஸ்டாலர்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. உபுண்டு, மின்ட் இன்ஸ்டாலரில் இது ரொம்பப் பழைய வியாதி. யூஇஎஃப்ஐ முறையில் (பழைய பயாஸுக்குப் பதிலாக வந்த பூட் முறை), முதலில் கண்ணில் படும் இஎஃப்ஐ பார்ட்டிஷனில் (பூட் ஃபைல்கள் இருக்கும் சிறு பகுதி) கிரப்பை, அதாவது அந்த பூட்லோடரைப் போட்டுவிடும். அது உங்கள் விண்டோஸ் டிஸ்க்கில் இருந்தது. வீடு எஸ்எஸ்டியில், சாவி கழற்றிய டிஸ்க்கில்.

யூஎஸ்பி டிரைவ் என்றால் லேப்டாப் அதில் ஒரு ஃபேட்32 பார்ட்டிஷனைத் தேடும். அதற்குள் இஎஃப்ஐ ஃபோல்டர், அதற்குள் பூட் ஃபோல்டர், அதில் பூட்எக்ஸ்64 என்ற ஃபைல் இருக்க வேண்டும். பென் டிரைவில் அது இருக்கிறது, உங்கள் எஸ்எஸ்டியில் இல்லை. அதனால்தான் மெனுவில் பெயர்கூட வரவில்லை.

லைவில் ஏறி, ஜிபார்ட்டடில் இஎக்ஸ்டி4-ஐக் கடைசிப் பக்கமிருந்து 512 எம்பி குறையுங்கள். முன்பக்கம் குறைத்தால் மொத்த டேட்டாவையும் நகர்த்தும், ராத்திரி முழுக்க உட்கார வேண்டியதுதான். காலி இடத்தில் ஃபேட்32 போட்டு, இஎஸ்பி ஃப்ளாக் (இதுதான் இஎஃப்ஐ பார்ட்டிஷன் என்ற அடையாளம்) வையுங்கள். பிறகு இரண்டையும் மவுன்ட் செய்து, சிஹெச்ரூட் (லைவில் இருந்தபடியே எஸ்எஸ்டியின் மின்ட்டுக்குள் நுழையும் கட்டளை) வழியாக உள்ளே போய், கிரப்-இன்ஸ்டால் கட்டளையை 'ரிமூவபிள்' என்ற ஆப்ஷனோடு ஓட்டுங்கள். அந்த ஆப்ஷன்தான் முக்கியம், அதுதான் நான் சொன்ன இடத்தில் ஃபைலை வைக்கும். குறைப்பதற்கு முன்பு முக்கியமானதை காப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

பழைய லேப்டாப்:
மெனுவில் பெயர் வந்துவிட்டது! மின்ட் லோகோவும் வந்தது. ஆனால் ஒன்றரை நிமிடம் அப்படியே நின்று, எமர்ஜென்சி மோட் என்கிறது.

கிரப் கிறுக்கன்:
அடடா, என் தப்பு, சொல்ல மறந்துவிட்டேன். ஈடிசி ஃபோல்டரில் எஃப்எஸ்டேப் (பூட் ஆகும்போது எந்தப் பார்ட்டிஷனை எங்கே இணைப்பது என்ற பட்டியல்) ஃபைலைத் திறங்கள். பூட் இஎஃப்ஐ வரியில் இன்னும் பழைய டிஸ்க்கின் யூயூஐடி (பார்ட்டிஷனின் அடையாள எண்) இருக்கும், அதைத்தான் 90 விநாடி தேடிவிட்டுக் கைவிடுகிறது. பிஎல்கேஐடி கட்டளை கொடுத்தால் புது ஃபேட்32-இன் எண் கிடைக்கும். எட்டே எழுத்து, நடுவில் ஒரு கோடு. அதை அங்கே மாற்றுங்கள்.

பழைய லேப்டாப்:
வந்துவிட்டது! இதை அந்த லேப்டாப்பிலிருந்தேதான் எழுதுகிறேன். ரொம்ப நன்றி. கழற்றிய டிஸ்க்கில் தங்கை கல்யாணப் படங்கள் இருக்கின்றன, அதையும் கேஸில் போட்டு எடுக்கலாமா?

வயர்மேன்:
'டக் டக்' சத்தம் வருகிற டிஸ்க் என்றால் இப்போதைக்குச் செருகவே செருகாதீர்கள் தம்பி. தனி இழை போடுங்கள், பேசுவோம்.