வேட்டைக்காரன் வகுப்பு மற்றவர்களை ஆட விடுவதில்லை: எப்படிச் சரிசெய்வது?

முதல்பகடை:
வணக்கம். ஆளுக்கொரு பாத்திரமேற்றுப் பகடை உருட்டி ஆடும் எங்கள் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்துக்காக வேட்டைக்காரன் என்றொரு புதிய பாத்திர வகுப்பை எழுதியிருக்கிறேன். ‘இரை குறித்தல்’ அதன் முதன்மைத் திறன். குறித்த எதிரியின்மேல் எய்யும் ஒவ்வோர் அம்புக்கும் அட்வான்டேஜும் (பகடையை இருமுறை உருட்டி உயர்ந்த எண்ணை எடுப்பது), பட்டால் ஓர் ஆறுமுகப் பகடை அளவுக்குக் கூடுதல் சேதமும் கிடைக்கும். சண்டைகள் இரண்டாம் சுற்றிலேயே முடிந்துவிடுகின்றன. மற்ற மூவரும் வேடிக்கை பார்க்கிறார்கள். அரக்கர்களின் ஹிட் பாயின்ட்டை (உயிர்ப்புள்ளிகளை)க் கூட்டினால் சரியாகுமா? நாளை மறுநாள் ஆட்டம், தயவுசெய்து விரைவாகச் சொல்லுங்கள்.

குகைவாசல்:
எந்த விதிப்புத்தகம், பாத்திரங்கள் எந்த நிலையில் (லெவலில்) இருக்கிறார்கள், இரையை ஒரு நாளில் எத்தனை முறை குறிக்கலாம், மற்ற மூவரும் எந்த வகுப்பு என்று எதுவுமே சொல்லவில்லையே. நாடி பிடிக்காமல் மருந்து கேட்டால் எப்படி?

பழம்பகடை:
தம்பி, 1974இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வெளிவந்தபோது போர்வீரர், மந்திரவாதி, மதகுரு என மூன்றே வகுப்புகள். திருடரே மறு ஆண்டு இணைப்பு நூலில்தான் வந்தார். இருப்பவற்றை முழுவதும் ஆடிப் பார்க்காதவர்கள்தான் புது வகுப்பு எழுதக் கிளம்புகிறார்கள். ஏற்கெனவே இருக்கும் ரேஞ்சர் (காட்டு வீரர்) வகுப்புக்கு ஒரு துணைவகுப்பு எழுதினாலே போதும்.

முதல்பகடை:
ஐந்தாம் பதிப்பு, 2014 புத்தகம், இரண்டாம் நிலை. இரை குறிக்க வரம்பு எதுவும் இல்லை, அதனால்தான் குறிப்பிடவில்லை. மற்றவர்கள் திருடர், மதகுரு, போர்வீரர்.

எண்கணக்கன்:
அப்படியானால் கணக்கு எளிது. நெடுவில்லின் எண்முகப் பகடையோடு பாத்திரத்தின் திறமைக்காக 3 சேர்ந்தால் சராசரிச் சேதம் 7.5. இருபதுமுகப் பகடையில் 11 அல்லது அதற்கு மேல் விழுந்தால் அடி படும் என்று வைத்துக்கொண்டால், அம்பு ஒன்றுக்கு 3.75 எதிர்பார்க்கலாம். அட்வான்டேஜ் வந்ததும் வாய்ப்பு 50 விழுக்காட்டிலிருந்து 75 ஆகிறது, சேதமும் 11 ஆகிறது, ஆக 8.25. கிரிட்டிக்கலை (20 விழுந்தால் கிடைக்கும் கூடுதல் சேதத்தை)ச் சேர்க்காமலே இருமடங்குக்கு மேல். ரேஞ்சரின் ஹன்டர்ஸ் மார்க் மந்திரம் இதே கூடுதல் பகடையைத்தான் தருகிறது, ஆனால் அட்வான்டேஜ் கிடையாது. மந்திர ஸ்லாட் (எண்ணிக்கை வரம்புள்ள மந்திர வாய்ப்பு) ஒன்று செலவாகும், கான்சன்ட்ரேஷனும் (மந்திரம் கலையாமல் கவனத்தில் வைத்திருப்பது) தேவை. பார்பேரியன் வகுப்பின் ரெக்லெஸ் அட்டாக் (கண்மூடித்தனமான தாக்குதல்) அட்வான்டேஜ் தந்தாலும், அவருடைய அடுத்த முறை வரும்வரை எதிரிகளுக்கும் அவர்மேல் அட்வான்டேஜ் உண்டு. உங்கள் திறனில் இரண்டு வரவும் உள்ளன, செலவு ஒன்றுகூட இல்லை. ஹிட் பாயின்ட்டைக் கூட்டினால் போர்வீரரின் வாள்வீச்சுதான் இன்னும் அற்பமாகத் தெரியும்.

குகைவாசல்:
ஒரு ஷார்ட் ரெஸ்டுக்கு (பாத்திரங்கள் எடுக்கும் ஒரு மணிநேர ஓய்வு) ஒருமுறை என்று வரம்பு வைத்தால் முடிந்தது.

நாலாம்பதிப்பு_ரசிகை:
எந்த மேசையில் ஐயா ஷார்ட் ரெஸ்ட் எடுக்கிறார்கள்? நாளொன்றுக்கு 6 முதல் 8 மோதல்கள் என்று, ஆட்டத்தை நடத்துபவருக்கான 2014 டிஎம் கையேடு எதிர்பார்க்கிறது; ஒரு மாலையில் இரண்டு நடந்தாலே பெரிது. அந்த நிலையில் ஓய்வுக்கு ஒருமுறை என்பது ஏறக்குறைய சண்டைக்கு ஒருமுறை என்றுதான் ஆகும். 2008இல் வந்த நான்காம் பதிப்பில் ஓய்வு ஐந்தே நிமிடம் என்பதால், எந்தத் திறன் சண்டைக்கு ஒருமுறை, எது நாளுக்கு ஒருமுறை என்று தெளிவாக வகுக்க முடிந்தது.

பழம்பகடை:
அந்தப் பதிப்பில் எல்லா வகுப்பும் ஒரே அச்சில் வார்த்தவை. போர்வீரருக்கு எதற்கு மந்திரவாதியைப் போல நீண்ட திறன் பட்டியல்?

நாலாம்பதிப்பு_ரசிகை:
போர்வீரர் தம் முறை வரும்போது ‘அடிக்கிறேன்’ என்பதைத் தவிர வேறொன்றும் சொல்ல முடிந்தது என்பதற்காக. கேள்வி கேட்டவரின் மேசையில் அந்த மூவர் சலிப்பதும் அதனால்தான்.

எண்கணக்கன்:
பதிப்புச் சண்டையைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். என் யோசனை: வேட்டைக்காரருக்கான அட்வான்டேஜை எடுத்துவிட்டு, குறித்த இரையை அடுத்துத் தாக்கும் தோழர் ஒருவருக்கு மட்டும் அதைக் கொடுங்கள். திருடரின் ஸ்னீக் அட்டாக்குக்கு (கூடுதல் சேதம் தரும் பதுங்கு தாக்குதல்) அட்வான்டேஜே போதும் என்பதால், வேட்டைக்காரரை அவரே தேடி வருவார்.

முதல்பகடை:
நேற்று அப்படியே ஆடினோம். சண்டை ஐந்து சுற்று ஓடியது. நன்றி.

குகைவாசல்:
குறிப்பதற்கு வரம்பு வைத்தீர்களா, இல்லையா?