மீன்கொத்தி ஓவியம்: வாங்குமுன் எதைப் பார்ப்பது?

கரிச்சான்:
வெண்மார்பு மீன்கொத்தி, கேன்வாஸில் அக்ரிலிக், 18 x 24 அங்குலம். இறகை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம், அத்தனை நுணுக்கம். விலையும் அதற்கேற்றபடிதான். நுணுக்கம் இருந்தாலே நல்ல கானுயிர் ஓவியமா? வேறென்ன பார்க்கணும்?

நாணல்:
இறகை விடுங்க, முதலில் காலைப் பாருங்க. மீன்கொத்திக்கு முன்பக்கம் மூன்று விரல். வெளிவிரலும் நடுவிரலும் அடியில் ஒட்டியிருக்கும். மூன்றும் விசிறி மாதிரி விரிந்திருந்தால், மைனாவின் காலை எடுத்து மாட்டியிருக்கிறார் என்று அர்த்தம். விரல் கிளையைப் பற்றியிருக்கிறதா, சும்மா மேலே வைத்திருக்கிறதா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

அப்புறம் இறகு. தலையில் பொடிப்பொடியாக, தோளில் ஓட்டுக்கூரை போல வரிசையாக, இறக்கை நுனியில் நீளமாக இருக்கணும். எல்லாம் ஒரே அளவில், ஒரே கூர்மையில் இருந்தால் அது மீன்செதில். நிழல் பக்கத்து விளிம்புகள் கரைந்துபோகணும். அங்கேயும் ஒவ்வொரு இழையையும் கீறி வைப்பது உழைப்புதான், பார்வை இல்லை. முதுகின் நீலம் நிறமியால் வருவதல்ல, இறகின் நுண்ணமைப்பில் ஒளி சிதறி வருவது. வெயில் பட்ட இடத்தில் பளீரென்றும் நிழலில் மங்கியும் தெரியும். டியூப் நீலத்தை ஒரே சீராகத் தடவியிருந்தால் பிளாஸ்டிக் பொம்மைதான்.

பாறு:
கண், அலகு, கால் நிறத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இறந்த பறவையில் முதலில் மங்குவது இவைதான். பாடம் செய்த பறவையின் கண்குழியில் வெறும் பஞ்சு. எலிசபெத் க்வில்லிம் 1801 முதல் 1807 வரை சென்னையில் உயிருள்ள பறவைகளை வைத்து வரைந்த நீர்வண்ணப் படங்களுக்கு இன்றும் மதிப்பு இருப்பது இதனால்தான். 121 படங்கள் மாண்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. செத்த உடலைப் பார்த்து வரைந்தால் கழுத்து துவளும், இறக்கை தொங்கும்.

நாணல்:
பாறு சார், செத்த பறவை என்பதே குறையாகிவிடாது. அமெரிக்கப் பறவை ஓவியர் ஆடுபன், சுட்ட பறவையை நிறம் மாறுமுன் கட்டம் போட்ட பலகையில் கம்பியால் நிறுத்தித்தான் வரைந்தார். 1827 முதல் 1838 வரை வெளிவந்த அவருடைய 435 அச்சுப்படங்களிலும் பறவைகள் உயிரளவு. பூநாரை அந்தப் பெரிய தாளிலும் அடங்காமல், கழுத்தைத் தரைவரை வளைத்து நிற்கும். சில படங்களில் உடல் விறைத்திருப்பது மட்டும் கம்பியின் வேலை.

கரிச்சான்:
கால் விரல் சரியாகத்தான் இருக்கிறது, நன்றி. இது கையால் வரைந்ததா, அச்சா என்று எப்படி உறுதி செய்வது?

சிட்டு:
டார்ச்சைப் பக்கவாட்டில், கேன்வாஸுக்குக் கிட்டத்தட்ட இணையாகப் பிடிங்க. தூரிகைத் தடம் மேடாகத் தெரியணும். ஆனால் அதை மட்டும் நம்பாதீங்க. அச்சின் மேல் நிறமில்லாத ஜெல்லைத் தூரிகையால் இழுத்து விற்பதும் உண்டு. அப்படியென்றால் மேடு ஒரு திசையில் ஓடும், நிறத்தின் எல்லை வேறு இடத்தில் முடியும். 10 மடங்கு லென்ஸில் அலகின் சிவப்பைப் பாருங்க. கையால் பூசியது இடைவெளியில்லாத வண்ணமாகத் தெரியும். அச்சென்றால் மஞ்சளும் மெஜந்தாவுமாகப் புள்ளி புள்ளியாகப் பிரியும். கேன்வாஸ் மடிப்பின் ஓரத்தையும் பார்த்துவிடுங்க. கத்தரித்தது போல நேர்க்கோட்டில் படம் நின்றால் சந்தேகப்படலாம்.